சிறுவிமானிகளின் நினைவு நூல்களும் நெய்வேலியும்

ஆகாயப் போக்குவரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பெரும் விமான ஸ்தாபனங்களின் ஆண்டறிக்கைகளையும் அரசாங்க உத்தரவுகளையுமே முதன்மையான ஆதாரங்களாகக் கொள்வது வழக்கம். ஆனால், கால அட்டவணைப்படி பறக்கும் பெரிய விமானங்கள் எட்டிப் பாராத இடங்களுக்கு, அழைத்தவர் குறித்த நேரத்தில், அழைத்தவர் காட்டிய திசையில், மருந்தையும் தபாலையும் மனிதரையும் ஏற்றிச் சென்ற வாடகைச் சிறுவிமானங்களின் கதை அவ்வறிக்கைகளில் இடம்பெறுவது அரிது. அக்கதையைத் தாங்கி நிற்பவை, அவ்விமானங்களை ஓட்டியவர்களே எழுதிவைத்த நினைவு நூல்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தைக் களமாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் எழுந்த இவ்வகை நூல்கள் பெரும்பாலும் சாகஸக் கதைகளாகவே படிக்கப்பட்டு வருகின்றன. அவை உண்மையில் தொழிலறிவின் ஆவணங்கள் என்பதும், அந்த அளவிலேயே அவற்றுக்குச் சரித்திர மதிப்பு உண்டு என்பதும், அத்தகைய ஆவணங்கள் தோன்றுவதற்கு உரிய அனுபவச் செல்வம் குவிந்து கிடக்கும் ஊர்களில் நம் நெய்வேலியும் ஒன்று என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

தொழிலின் சாட்சியம்

1929ஆம் ஆண்டு நைரோபியில் ஃபுளோரன்ஸ் கெர் வில்சன் என்னும் பெண்மணி தொடங்கிய வில்சன் ஏர்வேஸ், கிழக்கு ஆப்பிரிக்காவின் வாடகை விமானத் தொழிலுக்கு அடிகோலியது. அவர் பெயரையே இன்றும் நைரோபியின் வில்சன் விமான நிலையம் தாங்கி நிற்கிறது. அந்த ஸ்தாபனத்தின் தலைமை விமானியாயிருந்த டாம் கேம்பல் பிளாக்கிடம் பறக்கக் கற்றவர் பெரில் மார்க்கம். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்திலிருந்து கென்யாவுக்கு வந்து, பந்தயக் குதிரைகளைப் பழக்கும் தொழிலில் பெயர் பெற்று, பின்னர் தபாலும் பயணிகளும் ஏற்றிச் செல்லும் விமானியாக மாறிய அவர், 1936 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து மேற்கு நோக்கித் தனியே அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சதுப்பு நிலத்தில் விமானத்தின் மூக்குப் புதைய இறங்கினார். உலகம் அவரை அறிந்தது அந்தச் சாதனையால்தான். எனினும் 1942இல் வெளிவந்த ‘வெஸ்ட் வித் த நைட்’ என்னும் அவருடைய நூல் தொடங்குவது அட்லாண்டிக்கில் அன்று. நுங்வே என்னும் தங்கச் சுரங்க முகாமில் மூச்சுக்குத் திணறும் ஒரு நோயாளிக்காக, நைரோபியிலிருந்து பிராணவாயு உருளையை ஏற்றிக்கொண்டு இரவில் பறந்த பயணத்தில். ஒரு சுரங்கமும், அதன் நோயாளியும், அவனை நோக்கி வரும் ஒரு சிறுவிமானமும் சேர்ந்த இந்தத் தொடக்கத்தை, சுரங்கத்தையே வாழ்வாகக் கொண்ட ஊரினர் தம் கதையோடு ஒட்டிய ஒன்றாகவே உணர முடியும்.

இத்தகைய நூல்களில் நிலைத்த பயன் தருபவை வேலையின் நுணுக்கங்களே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 அடி உயரத்திலுள்ள நைரோபியில், வெயில் ஏறிய நண்பகலில் காற்று அடர்த்தி குறைந்து போவதால், காலையில் சுலபமாக எழும்பிய அதே விமானம் அதே சுமையோடு பகலில் எழும்ப நெடுந்தூரம் ஓட வேண்டும். ஆகவே பயணியையும் மூட்டையையும் நிறுத்துப் பார்த்து, வேண்டாததை இறக்கிவைத்து, வெயில் ஏறுமுன் புறப்படுவதே அத்தொழிலின் முதல் ஒழுக்கமாயிற்று. தூரத்து முகாம்களில் பீப்பாய்களில் வைத்திருந்த பெட்ரோலில் நீர் கலந்திருக்கும் என்பதால், புனலின் வாயில் பதமான மான்தோலை விரித்து அதன் வழியாகவே எரிபொருளை ஊற்றுவார்கள். பெட்ரோல் தோலினூடே இறங்க, நீர் மேலே தங்கி, சிறு முத்துகளாகத் திரண்டு நிற்கும். அந்த முத்துகளைக் கண்ணால் பார்த்து, துடைத்துவிட்டு, மறுபடி ஊற்றும் பொறுமை இல்லாதவன் அடுத்த காட்டின் மேல் இயந்திரம் நின்றுபோய் விழுவான். இறங்குவதற்கு முன் ஓடுதளத்தின் மேல் ஒருமுறை தாழப் பறந்து, மேயும் மிருகங்களை விரட்டி, புல்லின் உயரத்தையும் ஈரத்தையும் நோக்கி, புகை சாயும் திசையைக் கொண்டு காற்றை அறிந்து, அதன் பின்னரே திரும்பி இறங்குவதும் அவ்வாறே. பாடபுத்தகங்கள் இவற்றை விதிகளாகச் சொல்லும். நினைவு நூலோ, அவ்விதி எந்த விபத்தின் பயனாகப் பிறந்தது என்பதையும், அதைக் கடைப்பிடித்தவனுடைய அச்சத்தையும் சேர்த்துச் சொல்லும்.

சாட்சியத்தின் குறைகள்

அவ்வாறாயின், இந்நூல்களை அப்படியே பிரமாணமாகக் கொள்ளலாமா என்ற வினா எழுகிறது. மூன்று ஆட்சேபங்களைக் கருதிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எழுதியவர் யார் என்பது. மார்க்கத்தின் நூல் 1983இல் மறுபதிப்புப் பெற்றுப் புகழடைந்தபோது, அதை எழுதியவர் அவருடைய மூன்றாவது கணவரும் எழுத்தாளருமான ரவுல் ஷூமாக்கர் என்ற வாதமும் உடன் எழுந்தது. மொழியின் அழகு எவருடையதாயினும், விமானத்தில் அமர்ந்து பறந்த கையின் அனுபவம் மார்க்கத்துடையதே என்பதால், தொழிற்சாட்சியம் என்ற அளவில் நூலின் மதிப்பு இவ்வாதத்தால் பெரிதும் குன்றுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 1957இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கப்பட்ட பறக்கும் மருத்துவர் சேவையில் பல்லாண்டு உழைத்து, தானே விமானத்தை ஓட்டிச் சென்று எண்ணற்ற கிராமங்களில் வைத்தியம் பார்த்த ஆன் ஸ்போரி, ‘மாமா டக்டாரி’ என்று மக்களால் அழைக்கப்பட்டவர். அப்பெயராலேயே நினைவு நூலும் எழுதியவர். அவர் இரண்டாம் உலகப் போரின்போது ராவன்ஸ்புருக் சிறைமுகாமில் கைதியாயிருந்த காலத்தில், சக கைதிகளுக்குத் தீங்கு செய்தார் என்று சுமத்தப்பட்ட கடுமையான குற்றச்சாட்டுகளின் விவரம் அவர் 1999இல் இறந்த பின்னரே பரவலாக வெளிவந்தது. பல்லாண்டு தர்மத் தொண்டும் பொய்யன்று. நூலில் நிலவிய மௌனமும் பொய்யன்று. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி, தனக்கு உவப்பானதைச் சொல்லி மற்றதை மறைக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

மூன்றாவது குறை, மேலிருந்து பார்க்கும் பார்வைக்கே இயல்பானது. ஆகாயத்திலிருந்து காண்பவனுக்குப் பூமி வெறும் வெளியாகத் தோன்றும். புதரை வெட்டி ஓடுதளம் அமைத்தவர், பீப்பாயை உருட்டி வந்தவர், இரவில் தீப்பந்தம் ஏற்றி வைத்தவர் ஆகியோர் பெயரின்றி மறைந்து போவர். மார்க்கம் தம் பால்யத் தோழர் அராப் ரூட்டாவை உரிய மதிப்போடு எழுதியிருக்கிறார் என்பது நியாயமாகச் சொல்லப்பட வேண்டியது. ஆயினும் இந்த இலக்கிய வகையை மொத்தமாக நோக்கினால், கண்டம் விமானியின் வீரத்துக்குப் பின்திரையாக நிற்பதே மிகுதி.

நம் நாட்டுப் பக்கம்

இந்தியாவின் ஆகாயத் தபாலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு நேரடியான உறவு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலை ஓட்டி வந்தார் என்பதை யாவரும் அறிவர். அங்கிருந்து அதே தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட் என்பதை அறிந்தவர் சிலரே. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, முதலாம் உலகப் போர்க்காலத்து விமானங்களோடு இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராகச் சென்று கட்டணத்துக்கு ஜனங்களை மேலே ஏற்றிக் காட்டிய வாடகை விமானி அவர். அவருடைய யோசனையே டாட்டாவின் விமானத் தபால் திட்டத்துக்கு வித்தாயிற்று. 1942இல் போர்க்காலப் பயணம் ஒன்றில் அவர் மாண்டார். தமிழகத்துக்கு முதல் தபால் விமானத்தை ஓட்டி வந்தவரின் பெயரைச் சென்னைவாசிகளே அறியாதிருப்பது, நினைவு எழுத்தில் பதியாதபோது புகழ் எவ்வளவு விரைவில் கரையும் என்பதைக் காட்டுகிறது.

அண்மைக் காலத்தில் வாடகை விமானத் தொழிலிலிருந்து பிறந்த இந்திய நினைவு நூல் என்று கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் ‘சிம்ப்ளி ஃப்ளை’யைச் சொல்லலாம். 1997இல் வாடகை ஹெலிகாப்டர் ஸ்தாபனமாகத் தொடங்கி, 2003இல் ஏர் டெக்கானாக விரிந்த அவர் முயற்சி, 2020இல் ‘சூரரைப் போற்று’ திரைப்படத்தின் மூலம் தமிழர் வீடுதோறும் நுழைந்தது. அது ஒரு தொழில்முனைவோரின் நூல். அனுமதிக்கும் முதலுக்கும் அலைந்தவரின் சாட்சியம் அதில் நிறைவாக உண்டு. விமானத்தை ஓட்டியவர், பழுது பார்த்தவர், ஓடுதளத்தைக் காத்தவர் ஆகியோரின் குரலுக்கு வேறு நூல் வேண்டும்.

அந்தக் குரலைத் தேடுவோர் நெய்வேலிக்கு வர வேண்டும். பக்கத்திலுள்ள உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. நெய்வேலி நகரியத்திலோ, பழுப்பு நிலக்கரி நிறுவனமே தன் தேவைக்கு அமைத்துக்கொண்ட ஓடுதளம் இருக்கிறது. சிறு நகரங்களை ஆகாய மார்க்கத்தில் இணைக்க 1981இல் தோன்றிய வாயுதூத் ஸ்தாபனத்தின் சிறுவிமானங்கள் ஒரு காலத்தில் இங்கு வந்து போயின. 2017இல் மத்திய அரசின் உதான் திட்டத்தின் முதற்சுற்றிலும் நெய்வேலியின் பெயர் இடம்பெற்றது. ஆப்பிரிக்கச் சுரங்க முகாமுக்கும் இந்நகரியத்துக்கும் விமானம் வந்ததன் காரணம் ஒன்றே: பூமிக்குள் இருக்கும் பொருளுக்காக, வெளியுலகம் எளிதில் அணுகாத இடத்தில் நிபுணர்களும் இயந்திரங்களும் கூட வேண்டியிருந்தது.

நெய்வேலியின் எழுதப்படாத நூல்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்து, 1956இல் நிறுவனம் பதிவு பெற்று, 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டு, 1962இல் சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது வரை உள்ள சரித்திரம் நன்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வேலை செய்தவரின் தொழிலறிவு அதில் எழுதப்படவில்லை. அந்நிலக்கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை ஆழ்துளைக் கிணறுகளால் இரவு பகல் ஓயாமல் இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் தளத்தையே அது பிளந்துகொண்டு மேலே வரும். மேல்மண்ணோ, ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்களின் பற்களைத் தேய்த்துத் தீர்த்துவிடும் கடிய மணற்பாறை. இரவு ஷிப்டில் பம்பின் ஓசை மாறுவதைக் காதால் கேட்டே பழுதை அறிந்தவரும், வாளியின் பல் எப்போது மாற்றப்பட வேண்டும் என்பதை அதிர்விலிருந்தே உணர்ந்தவரும் நம் நகரியத்தின் வட்டங்களில் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். மான்தோலின் மேல் திரண்ட நீர்முத்தைக் கண்ட விமானியின் அறிவும் இவர்களுடைய அறிவும் ஒரே ஜாதி.

ஏ.கே. செட்டியார் முதலானோரால் பயண நூல் தமிழில் பெருமை பெற்ற துறையாயிற்று. தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் நாவலுக்கும் ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ தொட்டு ஒரு மரபு உண்டு. தொழிலைச் செய்தவரே அதன் நுணுக்கத்தைச் சொல்லும் நினைவு நூல் மட்டும் இன்னும் தனித் துறையாக வேரூன்றவில்லை. அதைத் தொடங்குகையில், ஆப்பிரிக்க நூல்களின் குறைகளையும் நாம் பாடமாகக் கொள்ள வேண்டும். விமானியின் நினைவைச் சரிபார்க்கத் தேதி, விமானம், வழி, நேரம் யாவும் குறித்த பறப்புப் பதிவேடு இருப்பதுபோல, சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் பதிவேடுகள் உண்டு. நினைவையும் பதிவேட்டையும் அருகருகே வைத்தால் மிகையும் மறதியும் வெளிப்படும். அதனினும் முக்கியமாக, நிலத்தைக் கொடுத்து வெளியேறியவர்களின் சொல்லும் அதே தொகுப்பில் இடம்பெற வேண்டும். 2023 ஜூலையில் சுரங்கப் பணிக்காக வளையமாதேவி கிராமத்தில் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த வேதனையை விட்டுவிட்டு எழுதப்படும் நெய்வேலிச் சரித்திரம், மேலிருந்து பார்த்த சரித்திரமாகவே நின்றுவிடும்.

ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடத்தி எழுத்தாளர்களைக் கௌரவிக்கும் ஊர் நெய்வேலி. ஓய்வுபெற்ற ஊழியர்களிடமிருந்தும், ஓடுதளத்தில் பணியாற்றியவர்களிடமிருந்தும், சுற்றுக் கிராமங்களிலிருந்து பெயர்ந்தவர்களிடமிருந்தும் தொழில்நினைவுகளைக் கேட்டுப் பதிந்து, பதிவேடுகளோடு ஒப்புநோக்கி வெளியிடும் பொறுப்பை நிறுவனமும் தமிழாய்வுத் துறைகளும் சேர்ந்து ஏற்க வேண்டும். முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். இப்பணி ஒத்திவைக்கத் தக்கதன்று.