திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில் அரசப் பட்டங்களும் மேலாதிக்க உரிமையும்

முன்னுரை

வடசென்னையில் இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்துள்ள திருவொற்றியூர், இன்று தொழிற்சாலைகளாலும் மீன்பிடி ஊர்களாலும் அறியப்படுவது. ஆயினும் அவ்வூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் சுவர்கள், பல்லவர் ஆட்சியின் இறுதி முதல் விசயநகரக் காலம் வரை தொண்டைமண்டலத்தின் மீது உரிமை கொண்டாடிய அரசர் பலரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அபராசிதவர்மன், முதற்பராந்தகன், இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணன், முதலாம் இராசேந்திரன், மூன்றாம் இராசராசன், இராசநாராயண சம்புவராயர் எனத் தொடரும் இவ்வரிசை, ஒரே ஊரார் ஒவ்வொரு காலத்தும் யாரைத் தம் அரசராக ஏற்று எழுதினர் என்பதைக் காட்டுகிறது. கல்வெட்டில் வரும் பட்டத்தை ஆட்சிப் பரப்பிற்கு நேரடிச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம் ஆய்வுகளில் இன்னும் நீடிக்கிறது. அவ்வழக்கை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

'கொண்ட' என்னும் அடை

சோழர் கல்வெட்டுகளில் வென்ற நாட்டின் பெயருடன் 'கொண்ட' என்னும் பெயரெச்சத்தைச் சேர்த்து அரசனைக் குறிப்பது பராந்தகன் காலத்தில் பெருவழக்காயிற்று. 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' எனத் தொடங்கிய அவனது பட்டம் பின்னர் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என விரிந்தது. பாண்டிய நாட்டைப் பொறுத்தவரை இவ்வடைக்கு ஓரளவு ஆட்சிப் பொருள் உண்டு. ஈழத்தைப் பொறுத்தவரை அது படையெடுப்பை மட்டுமே குறிக்கும். பாண்டியன் அங்கு விட்டுச்சென்ற முடியைப் பராந்தகனால் மீட்க முடியவில்லை. அதனைக் கைப்பற்றியவன் முதலாம் இராசேந்திரன். ஒரே சொல் இரண்டு வேறுபட்ட நிலைகளைக் குறிக்கிறது என்பது கருதத்தக்கது.

இதே சொல்லைச் சோழரின் பகைவரும் எடுத்துக்கொண்டனர். கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன், கங்க மன்னன் பூதுகனால் யானை மீதிருந்தவாறே கொல்லப்பட்டான். அதன்பின் தொண்டைமண்டலத்தில் மூன்றாம் கிருட்டிணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' எனக் குறிக்கப்பெறுகிறான். அவனது தமிழ்க் கல்வெட்டுகள் தொண்டைமண்டலத்திலும் திருமுனைப்பாடி நாட்டிலும் நிறையவே உள்ளன. காவிரிப் படுகையிலோ அவை இல்லை. ஆகவே, கச்சியைக் கொண்டது ஆட்சி, தஞ்சையைக் கொண்டது படைச்செயல் என்றே பிரித்துணர வேண்டும். கன்னட நாட்டு வேந்தன் ஒருவன் தமிழ்ப் பட்ட மரபை அப்படியே ஏற்றுக்கொண்டது, அப்பட்டத்தைப் படிக்க வேண்டியவர் தொண்டைமண்டலத்து ஊரவையினரே என்பதால்தான் எனலாம்.

சதுரானன பண்டிதரின் கொடை

இவ்வகையில் மிகுந்த கவனத்திற்குரியது கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவொற்றியூர் வடமொழிக் கல்வெட்டு. கேரள நாட்டில் பிறந்து, இராசாதித்தனின் உற்ற நண்பராய் விளங்கிய ஒருவர், போர்க்களத்தில் அவனோடு உயிர்விடும் வாய்ப்பை இழந்தமைக்கு வருந்தித் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் திருவொற்றியூர் மடத்தின் தலைமையை ஏற்றதை அது கூறுகிறது. அவர் கோயில் வழிபாட்டிற்குப் பொன் வழங்கினார். அக்கொடை, தம் நண்பனின் சாவுக்குக் காரணமான வேந்தனின் ஆட்சியாண்டாலேயே காலங் குறிக்கப்பட்டுள்ளது!

இதனைப் பணிவு என்றோ கட்சி மாற்றம் என்றோ கொள்வது பொருந்தாது. அறக்கட்டளை நிலைபெற வேண்டுமாயின் அப்போது வரி தண்டுபவர் யாரோ அவர் ஆண்டைக் குறித்தாக வேண்டும். அதே கல்லில் தோற்ற இளவரசனின் நினைவும் மறைக்கப்படாமல் இடம்பெறுகிறது. மேலாதிக்கத்தை ஏற்பதும் பற்றுதலை மாற்றிக்கொள்வதும் வேறுவேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. பிற்காலத்து மடத்தலைவர்களும் சதுரானன பண்டிதர் என்னும் பெயரையே கொண்டனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் இக்கோயிலின் தூங்கானை மாட விமானம் கருங்கல்லால் எடுக்கப்பட்டபோது அவ்வழியினர் ஒருவரே முன்னின்றார். அரசகுலங்கள் மாறியபோதும் மடத்தின் பெயர் மாறவில்லை.

ஆங்கிலோ-சாக்சன் ஒப்புமை

கி.பி. 731இல் தம் திருச்சபை வரலாற்றை நிறைவுசெய்த பீட், அம்பர் ஆற்றுக்குத் தெற்கிலிருந்த நாடுகள் மீது மேலாதிக்கம் செலுத்திய எழுவரைப் பட்டியலிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு, வெசெக்சு மன்னன் எக்பெர்ட்டை எட்டாமவனாகச் சேர்த்து அவனுக்குப் 'பிரெட்வால்டா' என்னும் பெயரைத் தந்தது. இடையில் வலிமை பெற்று விளங்கிய மெர்சிய மன்னர்கள் எத்தெல்பால்டும் ஓஃபாவும் அப்பட்டியலில் இல்லை. பிரெட்வால்டா என்பதை ஓர் அரசப் பதவியாகக் கொண்ட பழைய கருத்தை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. எழுதியவரின் சார்பு அப்பட்டியலை வடிவமைத்தது என்பர்.

கி.பி. 736இல் எத்தெல்பால்டு வழங்கிய கொடைப் பட்டயம் நம் நோக்கிற்கு இன்னும் நெருக்கமானது. அதன் உரையில் அவன் மெர்சியருக்கும் தென்னாங்கிலர் எனப்படும் எல்லா நாடுகளுக்கும் அரசன். சாட்சிப் பகுதியிலோ பிரித்தானியா முழுமைக்கும் அரசன். ஒரே ஏட்டில் பட்டம் இருமடியாகிறது. இத்தகைய பட்டயங்களின் வாசகம் பெரும்பாலும் கொடை பெறும் திருச்சபையார் பக்கத்திலிருந்தே வந்தது என்பதை நினைந்தால், திருவொற்றியூர்ச் சுவரை எழுதியோர் கோயிலாரும் மடத்தாரும் என்பது பொருள் பெறும். மெய்க்கீர்த்தி அரசவையில் பிறப்பது. ஆட்சியாண்டுத் தொடர் ஊரில் எழுதப்படுவது. இவ்விரண்டையும் ஒரே தரச் சான்றாக எண்ணுவது பிழை.

சிற்றரசர் பட்டங்களின் ஏற்றம்

மெர்சியாவுக்கு அடங்கிய உவிக்கே நாட்டு மன்னர், பட்டயங்களில் அரசர் என்னும் நிலையிலிருந்து துணையரசராகவும் பின்னர் வெறும் அலுவலராகவும் படிப்படியாகத் தாழ்ந்தனர். தொண்டைமண்டலத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. செங்கேணிக் குடியினர் முதலில் விக்கிரமசோழச் சம்புவராயர், குலோத்துங்கசோழச் சம்புவராயர் எனச் சோழப் பேரரசரின் பெயரையே தம் பெயராகச் சூடியவர்கள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இத்தகைய சிற்றரசர் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு அவற்றைக் கல்லில் வெட்டினர். அப்போதும் சோழனின் ஆட்சியாண்டை விடவில்லை.

கி.பி. 1231இல் மூன்றாம் இராசராசன் கோப்பெருஞ்சிங்கனால் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கப்பட்டு, போசள வேந்தன் இரண்டாம் நரசிம்மனின் படையால் மீட்கப்பட்டான். போசளன் 'சோழராச்சியப் பிரதிட்டாபனாசாரியன்' எனப் பட்டம் பூண்டதே சோழனின் நிலையை உணர்த்தப் போதுமானது. எனினும் அடுத்த சில ஆண்டுகளில், தன் 19ஆம் ஆட்சியாண்டில், அவன் திருவொற்றியூர் விழாவில் அமர்ந்து ஆடல்மகளின் நிகழ்ச்சியைக் கண்டதாக அக்கோயில் கல்வெட்டு குறிக்கிறது. அங்கு அவன் இன்னும் திரிபுவனச் சக்கரவர்த்தியே. 1250 முதல் ஆண்ட தெலுங்குச் சோழன் விசயகண்டகோபாலனும் அதே திரிபுவனச் சக்கரவர்த்திப் பட்டத்தைத் தரித்தான். மூவுலகிற்கும் உரிய பட்டம் ஒரு மண்டலத்திற்குள் சுருங்கிய காலம் அது.

பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர் 'சகலலோகச் சக்கரவர்த்தி' ஆயினர். இராசநாராயண சம்புவராயர் காலத்தில் திருவொற்றியூர்க் கோயில் பணிமகளிரான பதியிலார், தேவரடியார், இடபத்தளியிலார் ஆகியோரிடையே எழுந்த கடமைப் பூசல் 1342 அளவில் தீர்க்கப்பட்டது. அப்பூசல் மீண்டும் தலைதூக்கியபோது அதனைத் தீர்த்து வைத்தது விசயநகர இளவரசர் குமார கம்பணரின் ஆட்சி. அவரது பட்டமோ 'மகாமண்டலேசுவரர்' என்பதே. சகலலோகத்திற்கும் சக்கரவர்த்தி எனப்பட்டவரை வென்று அடக்கியவர், மண்டலத் தலைவர் என்ற அளவிலேயே அக்கோயில் சுவரில் நிற்கிறார்.