வசன இலக்கிய மீட்பும் ப. கு. ஹளகட்டியாரும்

அல்லமப் பிரபு என்னும் வீரசைவப் பெரியாரைத் தமிழுலகம் நன்கு அறிந்தது சிவப்பிரகாச சுவாமிகள் 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிரபுலிங்க லீலையின் வாயிலாகவே ஆகும். அந்நூல் 15ஆம் நூற்றாண்டுக் கன்னடப் புலவராகிய சாமரசர் பாடிய காப்பியத்தைத் தழுவியது. ஆயினும், காப்பியத் தலைவராகிய அல்லமர் தம் வாயாற் கூறிய மொழிகளுட் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஓலைக்கட்டுகளிலேயே அடங்கிக் கிடந்தது. அவரோடு ஒத்த அடியார் பலருடைய மொழிகளின் நிலையும் அதுவே. அவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றுதலையே வாழ்நாட் பணியாகக் கொண்ட பகீரப்பா குருபசப்பா ஹளகட்டியாரின் தொண்டினை ஈண்டு ஆராய்வோம்.

வசனம் என்பது யாப்பிற் கட்டுண்ணாத உரைநடைப் பாங்கான பக்தி மொழி. 12ஆம் நூற்றாண்டில் கலியாண நகரில் பிச்சள மன்னனின் அமைச்சராக விளங்கிய பசவண்ணரைச் சூழ்ந்த சரணர் என்னும் அடியார் கூட்டத்தில் அது செழித்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கலியாணத்தில் கலகம் மூளவே சரணர் பல திசைகளிற் சிதறினர். 15ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசர் இரண்டாம் தேவராயர் காலத்தில் வசனங்களைத் தொகுக்கும் முயற்சி மீண்டும் தலையெடுத்தது. அதன்பின் சுவடிகள் மடங்களிலும் அடியார் இல்லங்களிலும் தங்கின. அங்கே அவை பூசைப்பொருளாகப் போற்றப்பட்டன. போற்றியமையால் அழியாமல் நின்றன. பூசைப்பொருளானமையால் பயில்வார் குறைந்தனர். காத்த கையே மறைத்த கையுமாயிற்று என்பது கருதத்தக்கது.

ஹளகட்டியார் 1880ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் தார்வாரில் பிறந்தார். பம்பாயில் பயின்று, சட்டம் கற்று, பிசாப்பூரில் வழக்கறிஞராக அமர்ந்தார். அந்நகர் இன்று விசயபுரம் எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒருசில வசன நூல்கள் அச்சாகியிருந்தன. ஆனால், முழுப்பரப்பையும் காணும் நோக்கம் அவற்றுள் இல்லை. ஹளகட்டியார் சுவடிகளைத் தேடி ஊரூராகச் சென்றார். பல சுவடிகளினின்று தாம் திரட்டிய வசனங்களைப் பொருள் வகையாற் பகுத்து 1923இல் 'வசன சாத்திர சாரம்' என்னும் பெயரால் முதற்பகுதியை வெளியிட்டார்.

சுவடியில் இடைவெளியின்றித் தொடரும் எழுத்துகளுள் ஒரு வசனம் எங்கே முடிகிறது, அது யாருடையது என்பவற்றை எவ்வாறு அறிவது? செய்யுளாயின் யாப்புத் துணைசெய்யும். வசனத்திற்கு அத்துணை இல்லை. இங்கு உதவுவது அங்கிதம் என்னும் முத்திரைச் சொல்லே. பசவண்ணர் கூடலசங்கமதேவனையும், அக்கமகாதேவியார் சென்னமல்லிகார்ச்சுனனையும், அல்லமர் குகேசுவரனையும் விளித்தே தம் வசனங்களை முடிப்பர். ஓடக்காரராகிய அம்பிகர சௌடய்யரோ தம் பெயரையே முத்திரையாக வைத்தார். இம்முத்திரைகளை ஒப்புநோக்கியே ஆசிரியரை வரையறுத்தல் வேண்டும்.

இவ்வழியில், முன்னர் ஏறத்தாழ 50 என எண்ணப்பட்ட வசனகாரர் தொகை, ஹளகட்டியாரின் தேடலால் 200க்கு மேல் உயர்ந்தது என்பர். இது வெறும் எண்ணிக்கைப் பெருக்கம் அன்று. சில பெயர்களே தெரிந்தபோது வசனம் ஒருசில ஞானியரின் உபதேசமாகத் தோன்றிற்று. ஓடக்காரர், வண்ணார், தோல்வினைஞர், சிந்திய அரிசியைப் பொறுக்கி வாழ்ந்தவர் மனைவி லக்கம்மையார் ஆகியோர் குரல்களும் வெளிப்பட்டபோது, அது ஒரு சமுதாயத்தின் மொழியாயிற்று. கல்வி மறுக்கப்பட்டோரும் பெண்டிரும் 12ஆம் நூற்றாண்டிலேயே இறைவனைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் தம் மொழியிற் பேசினர் என்னும் உண்மைக்குச் சான்று கிடைத்தது. அச்சுவடிகள் செல்லரித்திருப்பின் அச்சான்றும் உடன் அழிந்திருக்கும்.

அச்சிடுவாரை நம்பியிருத்தல் இயலாதெனக் கண்ட அவர், 1925இல் பிசாப்பூரில் 'இதசிந்தக' அச்சகத்தைத் தாமே நிறுவினார். அதன் பொருட்டுத் தம் வீட்டை விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1926இல் 'சிவானுபவ' இதழையும், 1927இல் 'நவகர்நாடக' என்னும் வார இதழையும் தொடங்கினார். கூளூர் சித்தவீரண்ணரின் சூனிய சம்பாதனையும், அரிகரரின் ரகளைகளும் அவர் முயற்சியால் வெளிவந்தன. அரிகரர் தமிழ்நாட்டு நாயன்மார் வரலாறுகளையும் ரகளைகளாகப் பாடியவராதலின், அப்பதிப்பு சேக்கிழாரைப் பயில்வோர்க்கும் பயன்படுவதாகும்.

அவர் பதிப்புகளிற் குறை இல்லையெனல் ஆகாது. பொருள் வகையாற் பகுத்தமையால், ஒரு வசனம் தன் ஆசிரியரின் ஏனைய வசனங்களினின்று பிரிந்து நிற்கிறது. முத்திரையை மட்டும் நம்பின் பிற்காலத்தார் இடைச்செருகலும் முற்கால அடியார் பெயரிற் கலத்தல் கூடும். சுவடிகள் மிகுதியாகக் கிடைத்த பின்னர், ம. ம. கல்புர்கி முதலிய அறிஞரின் உழைப்பால் 1993இல் கர்நாடக அரசு வசனங்களை 15 தொகுதிகளாக வெளியிட்டது. எனினும், பின்வந்தோர் திருத்துதற்கு ஒரு பாடத்தை முன்வைப்பதே முன்னோடிப் பதிப்பாசிரியரின் கடன். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் செய்ததும் இதுவே. ஐயர் பெரும்புலவரிடம் முறையாகத் தமிழ் பயின்றவர். ஹளகட்டியாரோ நீதிமன்றப் பணிக்கிடையே இத்துறையில் இறங்கியவர். இருவரையும் இயக்கியது, ஓலை அழியுமுன் அச்சேற வேண்டும் என்னும் கவலை ஒன்றே.

1926இல் பெல்லாரியிற் கூடிய கன்னட இலக்கிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர்க்கு, கன்னட நிலம் ஒன்றுபட்ட 1956ஆம் ஆண்டிற் கர்நாடகப் பல்கலைக்கழகம் சிறப்பு முனைவர் பட்டம் வழங்கியது. 1964இல் அவர் மறைந்தார். கன்னடர் அவரை 'வசன பிதாமகர்' என அழைக்கின்றனர். ஓடக்காரர் சௌடய்யரின் பெயர் இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த பெயராக இருத்தலே அப்பட்டத்திற்குத் தக்க சான்றாகும்.