லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு...

போன பொங்கலுக்கு நாக்பூரிலிருந்து சேலத்துக்குக் காரிலேயே கிளம்பினோம். ஆதிலாபாத் தாண்டியதும் முன்னால் ஒரு நாமக்கல் லாரி. நம்ம ஊர் வண்டியைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தபோது பிளஸ் ஒன் படிக்கும் பையன் சொன்னான்: "அப்பா, அத ஒட்டியே போங்க. காத்த அது கிழிச்சுக் குடுக்கும், நமக்குப் பெட்ரோல் மிச்சம்."

மிச்சம் என்றால் வங்கிக்காரனுக்குக் காது நீளுமே! நெருங்கினேன். திடீரென்று லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மிதித்த மிதியில் பின் சீட்டிலிருந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி பறந்தது. இடிக்கவில்லை, இரண்டு முழம் பாக்கி. அன்றிலிருந்து இந்தச் சமாச்சாரத்தைத் தேடிப் படிக்கிறேன்.

பையன் சொன்னது பொய்யில்லை. 1973-ல் நாசா பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மன் சைக்கிளில் போகும்போது, கடந்துபோகும் லாரிகளின் காற்று தன்னை முதலில் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் கவனித்தார். லாரி முன்னால் காற்றை முட்டித் தள்ளுகிறது. பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் இன்னொரு லாரி வந்தால் அதற்கு எதிர்காற்று குறையும். மிகவும் நெருங்கினால் முன் லாரிக்கும் கொஞ்சம் லாபம்.

இந்த லாபத்துக்காக 1996-ல் ஐரோப்பாவில் 'ஷாஃபர்' திட்டம் தொடங்கியது. கயிறு கட்டி இழுத்தாற்போல் முன் லாரியைப் பின் லாரி தானாகவே தொடர்ந்தது. ஜப்பானில் 2013-ல் நான்கு லாரிகள் 80 கி.மீ. வேகத்தில், 4 மீட்டர் இடைவெளியில் ஓடின. 2016 ஏப்ரலில் ஆறு கம்பெனிகளின் லாரி வரிசைகள் ராட்டர்டாம் வந்து சேர்ந்தன.

அப்புறம்? 2019-ல் டெய்ம்லர் கையை விரித்துவிட்டது. புது லாரிகள் ஏற்கெனவே காற்றுக்கு ஏற்ற வடிவத்தில் இருப்பதால் மிச்சம் எதிர்பார்த்த அளவு இல்லை. வரிசை பிரிந்துவிட்டால் மறுபடி எட்டிப்பிடிக்கவே டீசல் செலவு. அமெரிக்க நெடுந்தூர ஓட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

நம் கணக்கு இன்னும் எளிது. 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் அந்த நொடி போய்விடும். அந்த லாரிகள் பிரேக் பிடிப்பதை ரேடியோவில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. என் காரும் நாமக்கல் லாரியும் பேசிக்கொள்ளவில்லை!

பெட்ரோல் எவ்வளவு மிச்சமானது என்று தெரியாது. அம்மாவின் கண்ணாடிக்கு 1,800 ரூபாய் ஆனது. ஊருக்கு வண்டியில் கிளம்பும் மக்களே, கொஞ்சம் தள்ளியே போங்கள்.