தோலகட்டிப் போத்தல் வந்த வழி

கொழும்பின் மழைக்கும் ஈரத்துக்கும் முந்திரிகைத் தோட்டம் சரிவராது. அது யாழ்ப்பாணச் செம்மண்ணின் பயிர். அடியில் சுண்ணாம்புக்கல், பக்கத்தில் கிணறு, மேலே நீண்ட வெயில், படரப் பந்தல். பிரான்சின் புரோவான்ஸிலும் சுண்ணாம்பு நிலத்தில் கொடி நிற்கிறது. அங்கே அது குளிர்காலம் முழுவதும் உறங்கி, ஆண்டுக்கு ஒரு தடவை காய்க்கும். யாழ்ப்பாணத்தில் உறக்கமில்லை. கவாத்துப் பண்ணினால் துளிர்க்கும், துளிரோடு பூவும் வரும். ஆண்டில் இரண்டு அறுவடை.

புரோவான்ஸோடு நமக்கு வேறோர் உறவும் உண்டு. 1816 இல் அங்குள்ள எக்ஸ் நகரில் ஒயிஜேன் டி மசனெட் தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847 இல் இலங்கைக்கு வந்தார்கள். அச்சபையின் பொஞ்சீன் ஆண்டகை யாழ்ப்பாண ஆயராக இருந்து, 1883 இல் கொழும்புக்கு மாறி, 1886 இல் அதன் முதற் பேராயரானார். அதே சபையில் சேர்ந்த யாழ்ப்பாணத்தவரான அருட்தந்தை தோமஸ் 1928 இல் வசாவிளானுக்கு அருகே தோலகட்டியில் செபமாலைத்தாசர் ஆச்சிரமத்தைத் தொடங்கினார். மௌனம், செபம், கையுழைப்பு என்று வாழ்ந்த துறவிகள் அவர்கள். நெல்லிரசமும் முந்திரிகை ரசமும் அந்த உழைப்பில் பிறந்தவை. தோலகட்டி என்ற ஊரை ஒருநாளும் பார்த்திராத வீடுகளிலும் அந்தப் பெயர் புழங்கியது போத்தலால்தான்.

முந்திரிகை ரசத்திலும் வகை உண்டு. பூசைக்குரிய ரசத்தில் வேற்றுப் பொருள் எதையும் கலக்கக்கூடாது. கொடியின் கனியிலிருந்து வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் செபமாலைக் கன்னியர் செய்யும் ரொசெற்றோ வைனிலோ கறுவாவும் கராம்பும் மணக்கும். அது நத்தார்க் கேக்கோடு வீட்டு மேசைக்கு வருவது. இனிப்புக் கூடியதுதான். ஆனாலும் பிரெஞ்சு வைனோடு அதை ஒப்பிட்டுக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அது நம் வெயிலின் சுவை, நம் சரக்கின் மணம்.

தோலகட்டியிலிருந்து போத்தல் கொழும்புக்கு வந்த பாதையைப் போர் அறுத்தது. 1990 இல் வசாவிளான் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போக, துறவிகளும் ஊரவரோடு வெளியேறினார்கள். யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவது நின்றது. ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இல் மறுபடி திறந்தது. ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. கொடியை விட்டுவிட்டு வந்தவர்கள் தொழிலை விடவில்லை. எனக்கு அந்தப் போத்தலின் பெருமையே அதுதான்.

இன்று வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக் கொழும்புத்துறைக் கன்னியர் மடத்துக்கும் போய்வாருங்கள். செய்தவர்களின் கையாலேயே ஒரு போத்தல் வாங்குங்கள். வழியில் ஒரு முந்திரிகைத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பந்தலுக்குள் நுழைந்து, பிள்ளைகளுக்குக் குலை தொங்குவதைக் காட்டுங்கள்.