பிரேசில் நலவாழ்வு மன்றங்கள்

பிரேசில் நலவாழ்வு மன்றங்கள் என்பவை அந்நாட்டின் பொது மருத்துவ சேவையைத் திட்டமிடுவதிலும் அதன் செலவுகளைக் கண்காணிப்பதிலும் குடிமக்கள் நேரடியாகப் பங்குபெறுவதற்கெனச் சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்புகள் ஆகும். நகராட்சி, மாநிலம், நாடு ஆகிய மூன்று நிலைகளிலும் இவை இயங்குகின்றன. பிரேசிலின் 5,500-க்கும் மேற்பட்ட நகராட்சிகளில் ஏறத்தாழ அனைத்திலும் ஒரு மன்றம் உண்டு. ஒவ்வொரு மன்றத்திலும் பாதி இடங்கள் சேவையைப் பயன்படுத்தும் பொதுமக்களுக்கு உரியவை.

வரலாறு

1964 முதல் 1985 வரை பிரேசிலில் இராணுவ ஆட்சி நடைபெற்றது. அக்காலத்தில் அரசின் மருத்துவக் காப்பீடு, முறைசார்ந்த வேலையில் இருந்து சந்தா செலுத்தியோருக்கே பெரும்பாலும் கிடைத்தது. ஏனையோர் அறக்கட்டளை மருத்துவமனைகளையும் போதிய வசதியற்ற அரசு நிலையங்களையும் நம்பியிருந்தனர். 1970களின் பிற்பகுதியில் சாவோ பவுலோ நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழை மக்கள், குறிப்பாகப் பெண்கள், தம் பகுதிக்கு மருத்துவ நிலையம் வேண்டுமெனக் கோரித் திரண்டனர். கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த குழுக்களும் சில மருத்துவர்களும் அவர்களுக்குத் துணைநின்றனர். நிலையத்தின் பணிகளைக் கண்காணிக்கத் தமக்குள்ளேயே பிரதிநிதிகளையும் அம்மக்கள் தேர்ந்தெடுத்தனர். பிற்காலத்தில் சட்டமானது இந்த எளிய ஏற்பாட்டின் விரிவே எனலாம்.

1986 மார்ச்சில் பிரசிலியா நகரில் 8ஆம் தேசிய நலவாழ்வு மாநாடு செர்ஜியோ அரோக்கா தலைமையில் கூடியது. அதற்கு முந்தைய மாநாடுகள் பெரும்பாலும் அதிகாரிகளும் வல்லுநர்களும் பேசிக் கலையும் கூட்டங்களாகவே இருந்தன. இம்மாநாட்டிலோ தொழிற்சங்கத்தினரும் குடியிருப்போர் சங்கத்தினருமாக 4,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். இதன் பரிந்துரைகள் 1988 அரசியலமைப்பில் இடம்பெற்றன. நலவாழ்வு அனைவரின் உரிமை, அரசின் கடமை என்று அரசியலமைப்பு அறிவித்தது. சமூகத்தின் பங்கேற்பை மருத்துவ முறைமையின் நெறிகளுள் ஒன்றாக வகுத்தது.

எனினும், 1990 செப்டம்பரில் இயற்றப்பட்ட 8080ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து மக்கள் பங்கேற்பு தொடர்பான பிரிவுகளை அன்றைய குடியரசுத் தலைவர் பெர்னாண்டோ கொல்லோர் நிராகரித்தார். எதிர்ப்பு எழவே, அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று 8142ஆம் இலக்கச் சட்டம் தனியே இயற்றப்பட்டு அப்பங்கேற்பு மீட்கப்பட்டது.

அமைப்பும் அதிகாரமும்

பயனாளர் அல்லாத மறுபாதி இடங்களில், மருத்துவப் பணியாளருக்கு நான்கில் ஒரு பங்கும், அரசுக்கும் சேவை வழங்கும் நிறுவனங்களுக்கும் நான்கில் ஒரு பங்கும் ஒதுக்கப்படுகின்றன. உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை. கூட்டங்களை எவரும் பார்வையிடலாம்.

நகராட்சியின் நலவாழ்வுத் திட்டத்துக்கு மன்றம் ஒப்புதல் தரவேண்டும். ஆண்டுச் செலவு அறிக்கையையும் மன்றத்தின் முன் வைக்கவேண்டும். மன்றம் இல்லாத நகராட்சிக்கு நடுவண் நிதி நேரடியாக மாற்றப்படாது. மன்றங்கள் விரைவாகப் பரவியதற்கு இவ்விதி ஒரு முக்கியக் காரணம்; நிதி பெறுவதற்கெனப் பெயரளவில் மட்டும் அமைக்கப்பட்ட மன்றங்கள் தோன்றவும் இதுவே வழிவகுத்தது.

விமர்சனங்கள்

பயனாளர் பிரதிநிதிகள் சங்கங்கள் வழியாகவே வருகின்றனர். எனவே எந்தச் சங்கத்திலும் சேராத குடிமகனுக்கு, அதாவது பெரும்பாலும் மிக வறியவருக்கு, மன்றத்தில் இடம் கிடைப்பது அரிது. சிறு நகராட்சிகளில் மேயர் தமக்கு வேண்டியவர்களையே பயனாளர் இருக்கைகளில் அமர்த்துவதும் உண்டு. வரவுசெலவு அறிக்கைகளின் கணக்கியல் மொழி மற்றொரு தடை. வாக்களிக்கும் உரிமை இருந்தும், எதற்கு வாக்களிக்கிறோம் என்பது விளங்காவிடில் அவ்வுரிமையால் பயன் குறைவே. இதனால் உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டங்கள் நடத்தப்படுகின்றன.

மன்றத்தின் தீர்மானம் நடைமுறைக்கு வர, அந்தந்த நிலையிலுள்ள அரசின் ஒப்புதலும் தேவை. தேசிய மன்றத்தின் தலைவர் பொறுப்பு 2006 வரை நலவாழ்வு அமைச்சரிடமே இருந்தது. அவ்வாண்டு முதல் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2016இல் அரசுச் செலவுகளுக்கு 20 ஆண்டுகால உச்சவரம்பு விதித்த அரசியலமைப்புத் திருத்தத்தைத் தேசிய மன்றம் வன்மையாக எதிர்த்தது. ஆயினும் மன்றத்தின் நிலைப்பாடு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, திருத்தம் நிறைவேறியது. 2023இல் வேறொரு நிதி விதிமுறை அதற்கு மாற்றாக வந்தது. அவ்வாண்டு ஜூலையில் 17ஆம் தேசிய நலவாழ்வு மாநாடு பிரசிலியாவில் நடைபெற்றது.