பலன கணவாய்: சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய பாதையில் எமது வரலாறு

கடந்த விடுமுறையில் நாம் சில ஆசிரியர்கள் சேர்ந்து மலைச் சைக்கிள்களோடு பலன பக்கம் போய் வந்தோம். கண்டி நகருக்கு மேற்கே, கடுகண்ணாவையைத் தாண்டியதும் வரும் சிறிய புகையிரத நிலையம்தான் பலன. அங்கிருந்து மேலே போகும் தடங்களில் மிதித்த தூரத்தை விடத் தள்ளிய தூரமே அதிகம். மழைநீர் அரித்த கற்கள், குறுக்கே ஓடும் வேர்கள், திடீர் வளைவுகள். இறங்கும்போது பிரேக்கிலிருந்து கையெடுக்க முடியாது.

இந்தக் கஷ்டத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கண்டி மன்னர்கள் தலைநகருக்குப் போகும் பாதைகளை அகலப்படுத்த விடவில்லை. காடும் செங்குத்தும்தான் அவர்களின் மதில். கணவாய்களில் முட்கதவு போட்டுக் காவல் வைத்தார்கள். 'பலன' என்ற சிங்களச் சொல்லே பார்ப்பதைக் குறிப்பது. இங்கே நின்றால் கீழ்நாட்டிலிருந்து ஏறி வரும் படையைத் தூரத்திலேயே காணலாம்.

போர்த்துக்கேயர் இதை அனுபவித்தே அறிந்தார்கள். 1594இல் தந்துரையிலும், 1638இல் கன்னொருவையிலும் அவர்களின் படைகள் அழிந்தன. உள்ளே நுழைவது அவர்களுக்கு முடிந்தது. திரும்பிப் போவதுதான் முடியவில்லை.

இனி எமது பங்கு. எதிரிக்கு மூடியிருந்த மலைநாட்டுப் பாதைகளில் சுதந்திரமாகப் போய் வந்தவர்களில் எமது மூதாதையரும் இருந்தார்கள். பொதி மாடுகளைக் கூட்டமாக ஓட்டிச் செல்லும் தவளம் அவர்களின் தொழில். உப்பும் கருவாடும் புடைவையும் மேலே ஏறின. பாக்கு கீழே இறங்கியது. மலைநாட்டில் உப்பு விளையாது. ஆகவே தவளம் நின்றால் ஊரே தவித்துவிடும். அரசின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே பத்த'வில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்து, பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். நம்பிக்கை இரு பக்கமும் இருந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையில் கொழும்பு - கண்டி வீதி கடுகண்ணாவை மலையில் ஏறியது. ஊர் மக்களின் இராஜகாரிய உழைப்பும் அந்த வீதியில் கலந்திருக்கிறது. 1829இல் இறந்த டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் வீதியோரம் நிற்கிறது. வீதியில் மாட்டு வண்டி வந்தது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. பொதி மாட்டின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. தவளக்காரருக்கு மட்டும் எந்தக் கோபுரமும் இல்லை.

"முஸ்லிம்கள் கடையோடு வந்தவர்கள்தானே சேர்?" என்று எமது வகுப்புப் பிள்ளைகளே கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும் பிள்ளையை ஒரு நாள் இந்த மேட்டில் ஏற்ற வேண்டும். முதுகில் ஒரு புத்தகப் பையோடு ஏறினாலே போதும், உப்பு மூட்டையின் பாரம் விளங்கிவிடும்.

சைக்கிளில் போகும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையின் எஞ்சிய கற்கள் மீது ஏற்றி ஓட்டாதீர்கள். போத்தல், பொலித்தீன் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். மழை நாட்களில் போகவே வேண்டாம்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் தவளம் பற்றி ஏதாவது சொல்லக் கேட்டிருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். சேர்த்து வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.