மணப்பெண்ணின் பட்டும் அன்சாரிகளின் தறியும்

வட இந்தியத் திருமணங்களில் மணமகளுக்கு அணிவிக்கப்பெறும் ஆடைகளுள் பனாரஸ் பட்டுச் சேலை நெடுங்காலமாகத் தனியிடம் பெற்று விளங்குகிறது. கங்கைக் கரையிலுள்ள அந்நகரில் அதனை நெய்வோருள் பெரும்பாலோர் அன்சாரி எனப்படும் முஸ்லிம் நெசவாளர்களே என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். மதன்புரா, அலயீபுரா ஆகிய பகுதிகள் இவர்களது தறிகளுக்குப் பெயர் பெற்றவை.

முகலாயர் காலத்துப் பூங்கொடி வேலைப்பாடுகளை இச்சேலைகளில் இன்றும் காண்கிறோம். 'கடுவா' எனும் முறையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியே சரிகை கோத்து நெய்யப்படுகிறது. ஆதலால் சேலையின் பின்புறத்தில் வெட்டி நீக்க வேண்டிய இழைகள் தொங்குவதில்லை. இவ்வாறு ஒரு சேலையை முடிக்க வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உழைக்க வேண்டியுள்ளது. இந்துப் பெண்ணின் மணமேடைக்குச் செல்லும் சிவப்புப் பட்டும், முஸ்லிம் பெண்ணின் நிக்காஹ்வுக்குச் செல்லும் பட்டும் இந்தத் தறிகளிலேயே உருவாகின்றன.

விசைத்தறிப் போலிகள் மலிந்தமையால் கைத்தறியாளரின் கூலி நலிந்தது; பலர் தறியை விட்டுக் கூலி வேலை தேடிச் சென்றனர். 2009ஆம் ஆண்டில் பனாரஸ் சேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனினும் குறியீட்டால் மட்டும் தறி ஓடாது. வாங்குவோரின் கவனமும் வேண்டும். நம் இல்லத் திருமணங்களுக்குப் பட்டெடுக்கும்போது, அது கைத்தறிதானா எனக் கேட்டு வாங்குவோமாக! நெய்த கரங்களுக்கு உரிய விலை சென்று சேரட்டும்.